'முன்பு' என்ற சொல்லுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை

தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் முதுநிலைச் சமூகப்பணிப் படிப்புக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, நான் வேலை செய்யும் மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவு வராந்தாவில் உங்கள் மாணவி ஒருவர் ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தார். முதலாண்டு மாணவி. களப்பணிக்கு வந்து மூன்றாவது வாரம். கையில் அட்டை, அட்டையில் கவ்விய படிவம், பேனா. பெரியவருக்கு அறுபது கடந்திருக்கும். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுவிட்டு நடுவில் நிறுத்திவிட்டார், என்னவென்று பாருங்கள் என்று பிரிவிலிருந்து எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். நான் பக்கத்து பெஞ்சில் வேறொருவருடைய உதவித்தொகை மனுவை நிரப்பிக்கொண்டிருந்தேன். காது மட்டும் இவர்கள் பக்கம் இருந்தது.

பெயர், வயது, ஊர், மதம், சாதி, தொழில், மாத வருமானம். கேள்வி ஏற ஏற அவருடைய பதில் சுருங்கிக்கொண்டே வந்தது. "வீட்டில் எத்தனை பேர்?" என்று மாணவி கேட்டார். "முன்பு ஐந்து பேர்" என்றார் பெரியவர். மாணவி 5 என்று எழுதினார். அடுத்த கேள்வி: "சொந்த வீடா, வாடகையா?"

படிவம் முடியும்வரை காத்திருந்து, நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். "ஐயா, முன்பு ஐந்து பேர் என்றீர்கள்" என்று மட்டும் சொன்னேன். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த ஓ.பி. சீட்டை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எதிரே டோக்கன் எண் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "இப்போது நானும் பேத்தியும்தான்" என்றார். மனைவி மாசியில் இறந்துவிட்டார். மகனும் மருமகளும் பிழைப்புக்காக வெளியூர் போய்விட்டார்கள். பேத்தியின் பள்ளிக்கூடத்துக்காக அவளை மட்டும் இவரிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு மனைவியைப் பற்றி அவராகவே சொன்னார்: "காலையில் கஞ்சி ஆற்றி வைத்து, மாத்திரையை உள்ளங்கையில் வைப்பது அவள்தான் அம்மா. அவள் போன பிறகு அந்த டப்பாவைத் தொடவே கை வரவில்லை."

மாத்திரை நின்றதற்கான காரணம் அந்த 'முன்பு' என்ற ஒரு சொல்லுக்குள் இருந்தது. பெரியவர் அதை மறைக்கவில்லை, கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்தார். நம் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. நம் மாணவிக்கு அதைப் பிடிக்கும் காது பழக்கப்படவில்லை.

அந்த மாணவியைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கெட்டிக்காரப் பெண். தனிநபர் சமூகப்பணித் தாளில் வகுப்பில் முதல் மதிப்பெண். சமூகப்பணியாளர் எதிரிலிருப்பவரோடு பழகும் முறைக்கு 1957இல் அமெரிக்க அறிஞர் பீஸ்டெக் வகுத்துத் தந்த ஏழு கோட்பாடுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார். நானும் அவற்றை அப்படித்தான் ஒப்பித்துத் தேறினேன். மும்பையில் 1936இல் தொடங்கியது இந்தியாவின் சமூகப்பணிக் கல்வி. சென்னையில் சமூகசேவகர் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப்பணிக் கல்லூரி தொடங்கினார். எழுபது ஆண்டுகளைத் தாண்டிய பிறகும், எதிரில் இருப்பவரிடம் பேசுவது எப்படி என்பதை நாம் பெரும்பாலும் எழுத்துத் தேர்வில்தான் சோதிக்கிறோம். 'நேர்காணலின் கூறுகளை விளக்குக' என்று ஒரு பத்து மதிப்பெண் வினா வருகிறது. நீந்தும் முறையை விளக்கி எழுதச் சொல்லி, எழுதியவரை ஆற்றில் இறக்கிவிடுவதைப் போன்றது இது. இங்கே மூழ்குவது மாணவர் இல்லை, எதிரில் இருப்பவர்.

தமிழில் 'விசாரித்தல்' என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. காவல் நிலையத்தில் நடப்பது விசாரணை. ஊரிலிருந்து வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா, மாடு கன்று ஈன்றதா என்று கேட்பதும் விசாரிப்புதான். இழவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்கிறோம். அங்கே போனவுடன் யாரும் பேசுவதில்லை. கையைப் பிடிக்கிறோம், பக்கத்தில் உட்காருகிறோம், அவர்களாகத் தொடங்கும்வரை இருக்கிறோம். "ராத்திரிகூட நன்றாகத்தான் சாப்பிட்டார்" என்று ஆரம்பித்து அந்தக் கடைசி நாளை முழுவதுமாகச் சொல்வார்கள். அடுத்து ஒருவர் வந்தால் அவரிடமும் முதலிலிருந்து சொல்வார்கள். வந்தவரின் வேலை உம் கொட்டுவது. கதை கேட்கும் குழந்தைக்குக்கூட நாம் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான்: உம் கொட்டினால்தான் பாட்டி மேலே சொல்வாள்.

நம் மாணவர்களில் பலர் இந்தப் பழக்கத்தோடுதான் கல்லூரிக்குள் வருகிறார்கள். களப்பணிக்குப் போகும்போது படிவத்தைக் கையில் கொடுத்து, அந்தப் பழக்கத்தை வாசலிலேயே கழற்றி வைக்கச் செய்துவிடுகிறோம். விசாரிக்கத் தெரிந்து வந்த பிள்ளைகள் விசாரணை நடத்தப் பழகித் திரும்புகிறார்கள்.

திண்ணை விசாரிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றும் நான் சொல்லவில்லை. அதில் நாம் விட்டுவிட வேண்டியவையும் இருக்கின்றன. ஒருவர் வாய் திறந்ததும் "என் சித்திக்கும் இப்படித்தான்" என்று நம் கதைக்குத் தாவுவது, கேட்டதை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோவது, எல்லாவற்றுக்கும் மேலாக அறிவுரை. காத்திருப்பதை வைத்துக்கொண்டு இவற்றை உதிர்க்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது. ஆண்டுக்கணக்கான பழக்கம் ஒரு விரிவுரையில் உதிராது.

அறிவுரையால் என்ன நடக்கும் என்பதை நான் என் கையாலேயே கற்றேன். அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

2003. எனக்கு இருபத்து நான்கு வயது. எச்.ஐ.வி. பரிசோதனை முடிவைச் சொல்லும் வேலை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல். நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளில் ஆலோசகர் என்று ஒருவர் தனி மேசை போட்டு உட்காரும் வழக்கம் பரவியதில் அந்த நோய்க்குப் பெரும் பங்கு உண்டு. அப்படியொரு மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். முடிவைச் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். ஏதோ சொல்வதற்காக உதடு ஒருமுறை பிரிந்தது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. "கவலைப்படாதீர்கள், இப்போது எவ்வளவோ வழி இருக்கிறது" என்று ஆரம்பித்து, சத்தான உணவு, ஆணுறை, கணவரையும் அழைத்து வரவேண்டும், குழந்தைக்கும் பரிசோதனை என்று பயிற்சியில் தந்த குறிப்பு முழுவதையும் அவர் மடியில் கொட்டினேன். நான்கு முறை "சரிம்மா" என்றார். எழுந்து போய்விட்டார். முடிவுத் தாள் மேசை மேலேயே கிடந்தது.

அவர் திரும்பி வரவே இல்லை. அடுத்த ஆண்டு, 2004 ஏப்ரலில், தாம்பரம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்கு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது. பிறகு எங்கள் பக்கமும் வந்தது. பதிவேட்டில் அந்தப் பெயரைப் பல மாதங்கள் தேடினேன். அன்று அவர் சொல்ல வந்தது என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் சொன்ன தகவல்களில் ஒன்றும் தவறில்லை. ஆறுதலும் உண்மையானதுதான். ஆனால் அந்த ஆறுதல் அவருக்குத் தேவைப்பட்டதைவிட எனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. அமைதியாக உட்கார முடியாத என் தவிப்பை அவர் மேல் இறக்கி வைத்தேன்.

எனக்குப் பயிற்சி இல்லாமல் இல்லை. சான்றிதழ் இருந்தது. நான் ஒருவரிடம் பேசும்போது பக்கத்தில் இருந்து பார்த்து, "அந்த இடத்தில் நீ ஏன் பேசினாய்? பத்து எண்ணியிருக்கலாமே" என்று சொல்ல ஓர் ஆள்தான் இல்லை.

இந்தக் குறை சமூகப்பணிக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மருத்துவரும் நோயாளியும் பேசிய 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்த நோயாளிகள் 17 பேர்தான். குறுக்கிட்டவர்கள் கெட்ட மருத்துவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். கேட்கிறோம் என்றே நம்பியிருப்பார்கள். ஒலிப்பதிவு இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்தில் ஒஹையோவில் ஆலோசனை உரையாடல்களை இசைத்தட்டில் பதிந்து மாணவர்களோடு உட்கார்ந்து கேட்டதும் அதற்காகத்தான். ஆலோசகரின் நினைவு தனக்குச் சாதகமாகவே கதை சொல்லும். பதிவு அப்படிச் சொல்லாது. அன்றைக்கு அதற்கு ஓர் அறை நிறையக் கருவி தேவைப்பட்டது. இன்றைக்கு ஒவ்வொரு மாணவரின் பையிலும் கைபேசி இருக்கிறது. நாம் இன்னும் நினைவிலிருந்து அறிக்கை எழுதித் தரச் சொல்கிறோம், அதையும் ஆங்கிலத்தில்.

இந்த ஆங்கில அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் பெரிய மனக்குறை இதுதான். மாணவர் தமிழில் பேசுகிறார், எதிரிலிருப்பவர் தமிழில் பதில் சொல்கிறார். இரவு விடுதியில் உட்கார்ந்து அதை ஆங்கிலமாக்கிக் களப்பணிப் பதிவேட்டில் எழுதுகிறார். "நெஞ்சு அடைக்கிறது", "ஈரக்குலை நடுங்குகிறது", "வயிறு பற்றி எரிகிறது", "மனசு விட்டுப் போயிற்று" ஆகிய நான்கும் பதிவேட்டில் ஒரே வரியாகிவிடுகின்றன: அவர் வருத்தமாக இருந்தார். நம் மக்கள் மனத்தின் வேதனையை உடம்பை வைத்துச் சொல்கிறவர்கள். வயிறு எரிகிறது என்று ஒரு தாய் சொன்னால் அதில் துயரம் இருக்கிறது, கோபம் இருக்கிறது, தனக்கு அநீதி நடந்துவிட்டது என்ற முறையீடும் இருக்கிறது. "கோபமாக இருக்கிறீர்கள் போலிருக்கிறது" என்று மாணவர் திருப்பிச் சொன்னால், "கோபமெல்லாம் இல்லை" என்று அவர் முடித்துக்கொள்வார். "வயிறு எரிகிறது என்றீர்கள்" என்று அவர் சொல்லையே அவர் கையில் திருப்பிக் கொடுத்தால் கதை வரும். பாடப் புத்தகம் பிரதிபலித்தல் என்று சொல்லும் திறன் தமிழில் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் பதிவெழுதும் மாணவருக்கு இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது, திருத்தும் ஆசிரியருக்கும் படாது. பேசிய சொல் அங்கே இல்லையே!

அதேபோல், "எப்படி உணர்கிறீர்கள்?" என்று மொழிபெயர்த்த கேள்வியை மாணவர்கள் கேட்கும்போது எதிரிலிருப்பவர் விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்வியை அவரிடம் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. "அதைக் கேட்டதும் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்றால் உடனே புரியும்.

'ஏன்' என்ற சொல்லையும் கவனிக்கச் சொல்லுங்கள். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் அது பெரும்பாலும் கேள்வியாக வருவதில்லை, குற்றச்சாட்டாகத்தான் வருகிறது. ஏன் தாமதம், ஏன் மார்க் குறைவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை. "ஏன் மருந்தை நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால் ஒன்று பொய் வரும், இல்லாவிட்டால் மன்னிப்பு வரும். "மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நாள்களில் காலை எப்படிப் போகும், சொல்லுங்கள்" என்றால் காரணம் தானாக வெளியே வரும். அந்தப் பெரியவரிடம் இதைக் கேட்டிருந்தால், கஞ்சி ஆற்றி வைத்தவரைப் பற்றி இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்லியிருப்பார்.

விளிக்கும் முறை இன்னும் அடிப்படையானது. அதைப் பற்றி எந்தப் பாடத்திட்டத்திலும் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடங்கிப்போவது தமிழில் நீ, நீங்கள் என்று பிரிந்து நிற்கிறது. நம் ஊரில் அந்தப் பிளவில் சாதியும் வர்க்கமும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. தூய்மைப் பணியாளரான அறுபது வயதுப் பெண்ணை 'நீ' என்று ஒருமையில் கூப்பிட்டுவிட்டு, அடுத்தவரான முப்பது வயது ஆசிரியரை 'வாங்க சார்' என்று எழுந்து வரவேற்கும் ஊழியர்களை மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள், தொற்றிக்கொள்கிறார்கள். அந்த ஒருமையில் தொடங்கிய நேர்காணலில் பிறகு எத்தனை திறன்களை அடுக்கினாலும் பயனில்லை. எல்லாரையும் பன்மையில் விளிக்க வேண்டும், பெஞ்சில் இடம் காட்டி உட்காரச் சொல்ல வேண்டும், எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்று கேட்க வேண்டும். சாதி என்ன என்ற கேள்வியை, அது எதற்குத் தேவைப்படுகிறது என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். சான்றிதழுக்கோ உதவித்தொகைக்கோ தேவை இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

உறவுமுறை சொல்லி அழைப்பதும் நம் வழக்கம், அது நல்லதும்கூட. ஆனால் 'அக்கா' என்று அழைத்த கணத்தில் ஒரு தங்கையின் கடமையும் கூடவே வந்து சேர்கிறது. இரவு பதினொரு மணிக்கு அந்த அக்கா போன் செய்வார். கைப்பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பிரிவுப் பக்கமே வரக் கூசிய மாணவர்களை நான் அறிவேன். உறவுச் சொல்லின் வெதுவெதுப்பை வைத்துக்கொண்டே எல்லையைப் பணிவாகச் சொல்வது எப்படி என்பது தமிழ்நாட்டு வகுப்பறையில்தான் விவாதிக்கப்பட வேண்டும். இறக்குமதிப் புத்தகத்தில் அதற்கு விடை கிடைக்காது.

தனிமை இன்னொரு பாடு. நம் புறநோயாளிப் பிரிவில் யாரும் தனியாக வருவதில்லை. மருமகளிடம் கேட்டால் மாமியார் பதில் சொல்வார், மகனிடம் கேட்டால் அப்பா சொல்வார். "நீங்கள் வெளியே இருங்கள்" என்று மாணவர் சொன்னால், அந்தக் கோபம் வீட்டுக்குப் போனதும் மருமகள் மேல்தான் இறங்கும். "இங்கே எல்லாரிடமும் தனித்தனியாகப் பேசுவது வழக்கம் அம்மா, அடுத்து உங்களிடமும் பேசுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி மாமியாரிடமும் உண்மையாகவே பேச வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைச் சரியான குரலில் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. வகுப்பில் ஒரு பிற்பகலில் பழகிவிடலாம்.

தவறினால் சட்டப்படியே கேடு விளையும் இடங்களும் உண்டு. குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம் பேசும் முறையைப் பற்றியே நிறைய விதிக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும், காவலர் சீருடையில் இருக்கக் கூடாது, நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. சட்டம் இத்தனை கவனமாக இருக்க, நம் மாணவர் குழந்தைகள் இல்லத்தில் போய் "மாமா உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டுவிட்டால், பதிலைக் கேள்வியே ஊட்டிவிட்டது. பிறகு அந்தக் குழந்தை சொல்லும் உண்மையும் வழக்கில் சந்தேகத்துக்கு ஆளாகும். "என்ன நடந்தது, உனக்குத் தெரிந்தபடி சொல்லு" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தத் தெரிய வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. அந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம். இரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு மறுநாள் புகார் போனால், பெரியவர்களில் ஒருவரையாவது நம்பலாம் என்று அந்தக் குழந்தைக்கு இருந்த கடைசி நினைப்பும் போய்விடும்.

தற்கொலையைப் பற்றிக் கேட்பதும் அப்படித்தான். கேட்டால் எண்ணத்தைக் கிளறிவிடுவோம் என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள், பல ஊழியர்களும் பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை என்பது மனநலத் துறையில் நிலைபெற்ற கருத்து. முயன்று பிழைத்தவர் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. வார்டில் அவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் வசவுதான். நம் மாணவராவது, "செத்துவிடலாம் என்று தோன்றியதா?" என்று நேராக, குரல் நடுங்காமல் கேட்க வேண்டும். ஒரு பயிற்சியில் இருபது மாணவர்களை இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். பாதிப் பேருக்கு நாக்கு எழவில்லை. சிலர் பேச்சைக் குறைத்து, "தப்பான முடிவு ஏதாவது..." என்று இழுத்தார்கள். மூன்றாவது சுற்றில் எல்லாராலும் சொல்ல முடிந்தது. ஆன நேரம் நாற்பது நிமிடம். சென்னையில் 1986இல் தொடங்கிய சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில், படித்த பட்டத்தைப் பார்க்காமல் சாதாரணத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்தே, உயிரை விடத் துணிந்தவர்களின் பேச்சைக் கேட்கவைத்திருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது இரண்டாண்டு முழுநேரம் படிக்கும் நம் மாணவர்களால் முடியாதா?

உலகில் மற்ற துறைகள் இதை எப்போதோ கைத்தொழிலாக எடுத்துக்கொண்டுவிட்டன. 1960களின் தொடக்கத்தில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் நோயாளியாக நடிக்க ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து மாணவர்களைச் சோதித்தார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் ஆலன் ஐவி என்ற உளவியலாளர் ஆலோசனைத் திறனைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தார். ஒரு நாளைக்கு ஒரு துண்டு, ஐந்து நிமிடப் பேச்சு, காணொளியில் பார்ப்பது, திருத்திக்கொண்டு மறுபடி பேசுவது. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்டு ஹார்டன் என்ற மருத்துவக் கல்வியாளர் மருத்துவத் தேர்வையே மாற்றி, மாணவர் நோயாளியிடம் பேசுவதைத் தேர்வாளர் எதிரில் நின்று பார்த்து மதிப்பெண் போடும் முறையைக் கொண்டுவந்தார். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பிலும் 2019 முதல் மனப்பான்மை, நெறிமுறை, தொடர்பாடல் என்ற பகுதி கட்டாயமாகிவிட்டது. பேசுவதையே தொழிலாகக் கொண்ட நாம் பின்தங்கி நிற்கிறோம்.

உங்களிடம் நான் கேட்பது இவைதான். முதல் பருவத்தில், களத்துக்கு அனுப்புவதற்கு முன்பே, குறைந்தது ஆறு வாரம் வகுப்புக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகும் பயிற்சியை வையுங்கள். அதை மாணவர்கள் தாமே பதிந்து, தாமே கேட்டு, எந்த இடத்தில் வாய் முந்தியது என்று தாமே குறிக்கட்டும். களத்தில் உண்மையான மனிதர்களின் பேச்சை அவர்கள் மனதார ஒப்புக்கொண்டால் ஒழியப் பதிய வேண்டாம். உரையாடல் பதிவேட்டைப் பேசிய தமிழிலேயே எழுத அனுமதியுங்கள். பகுப்பாய்வை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதட்டும், பேசிய வார்த்தை பேசியபடி இருக்கட்டும். நேர்காணல் தாளின் பாதி மதிப்பெண்ணாவது, யாரேனும் ஒருவர் உட்கார்ந்து பார்த்துப் போடும் மதிப்பெண்ணாக இருக்கட்டும். நோயாளியாக நடிக்க ஊர் நாடகக் கலைஞர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் நன்றாகச் செய்வார்கள், அவர்களுக்கும் ஒரு நாள் கூலி கிடைக்கும்.

ஆசிரியர் பற்றாக்குறை என்று சொல்வீர்கள். எனக்குத் தெரியும். ஒரு களப்பணி வழிகாட்டியின் தலையில் எத்தனை மாணவர்கள் விழுகிறார்கள் என்பதை நானும் பார்க்கிறேன். எல்லா நேர்காணலையும் பார்க்கச் சொல்லவில்லை. ஒரு மாணவருக்கு ஒரு பருவத்தில் இரண்டு முறை, அரைமணி நேரம். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடச் செலவாகும் நேரத்தில் இதை முடித்துவிடலாம். மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் பக்கத்தில் உட்காரத் தயாராக இருக்கிறோம். எங்களிடம் இதுவரை கேட்கப்பட்டது வருகைச் சான்றிதழில் முத்திரை மட்டும்தான்.

இன்னும் ஒன்று. கேட்கக் கற்றுக்கொடுத்தால், கேட்டதைத் தாங்கவும் இடம் கொடுக்க வேண்டும். பெரியவர் போனபிறகு அந்த மாணவி வராந்தாவின் கோடியில் போய் நின்று அழுதார். அவருடைய பாட்டியும் சென்ற ஆண்டுதான் இறந்திருக்கிறார். களப்பணிப் பதிவேட்டில் அதை எழுத இடம் இல்லை. நாங்கள் கேன்டீனில் டீ குடித்தபடி பேசினோம். வாரம் ஒரு மணி நேரமாவது இப்படிப் பேச அட்டவணையில் இடம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை 'முன்பு' என்ற சொல் வரும்போது, அது காதில் விழுந்தாலும் அவர் கடந்து போய்விடுவார். அது அறியாமையால் நடக்காது, தன்னைக் காத்துக்கொள்ள நடக்கும்.

பெரியவர் மறுபடி மாத்திரை எடுக்கத் தொடங்கியிருக்கிறார். பள்ளிக்குப் போவதற்கு முன் பேத்தி எடுத்து வைக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாவும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவிடம் போய்ப் பேசியது மாணவிதான், படிவம் இல்லாமல்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காலை எட்டு மணியிலிருந்து மாணவர்கள் எங்கள் வராந்தாவில் இருப்பார்கள். குழுவில் யாராவது ஒருவர் வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், வரவேற்பு ஏற்பாடு எதுவும் இருக்காது. பெஞ்சில் இடம் இருக்கும். ஒரு மாணவரின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, படிவத்தைப் பார்க்காமல் பேச்சை மட்டும் கேளுங்கள். அதன் பிறகு பாடத்திட்டத்தைப் பற்றி நாம் பேசலாம்.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை ஒன்றில் 24 ஆண்டுகளாகப் பணிபுரியும் மருத்துவச் சமூகப்பணியாளர்